‘எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடுங்கள்’ என்ற யோசனை ஏ.டி.எச்.டி. உள்ளவர் வீட்டுக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு முன் வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த குறிப்புகளைப் படித்தேன். பெரும்பாலான வீடுகளுக்கு அவை உதவும். ஆனால் அவற்றில் மூன்று யோசனைகள், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு உள்ளவர்களின் வீட்டில் நேரெதிர் பலனைத் தரும். கண்ணில் படும் எதையும் அலமாரிக்குள் வைத்து மூடுவது ஒன்று. ஒரே நாளில் மொத்த வீட்டையும் கவிழ்த்துச் சுத்தம் செய்வது இன்னொன்று. ‘சோம்பலை உதறினாலே பாதி வேலை முடிந்தது’ என்பது மூன்றாவது. இந்தக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி துறையில் இருப்பவன் என்ற முறையில், மாற்று வழிகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பக்கத்தில் இடம் இருக்கும் அளவுக்கு வெளியிட வேண்டுகிறேன்.

இது குழந்தைகளுக்கு மட்டும் வருவது என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. உலக ஏ.டி.எச்.டி. கூட்டமைப்பு 2021-ல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, சிறுவர்களில் 5.9 சதவீதம் பேருக்கும் பெரியவர்களில் 2.5 சதவீதம் பேருக்கும் இது இருப்பதாகக் கணக்கிடுகிறது. மனநலக் குறைபாடுகளை வரையறுக்க அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேட்டில் கவனக்குறைவின் அறிகுறிகளாக ஒன்பது சொல்லப்பட்டிருக்கின்றன. வேலைகளை ஒழுங்குபடுத்தத் திணறுவது, தேவையான பொருட்களை அடிக்கடி தொலைப்பது, அன்றாடக் காரியங்களை மறப்பது, தொடங்கியதை முடிக்காமல் விடுவது ஆகிய நான்கும் அந்தப் பட்டியலில் இருப்பவை. வீடு அலங்கோலமாகக் கிடப்பதற்கு இந்த நான்கே போதும். இவற்றின் சாயல் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் மட்டுமின்றிப் பள்ளியிலோ வேலையிடத்திலோ கூடத் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. நேற்றுவரை வீட்டைப் பளிச்சென்று வைத்திருந்தவர் திடீரென்று எச்சில் தட்டைக்கூட எடுக்காமல் விடுகிறார் என்றால் கதை வேறு. மனச்சோர்வா, தைராய்டா, தூக்கக் கோளாறா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இது: ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்வதில்தான் தடை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார வைத்துச் சொல்லும் புத்திமதியால் புதன்கிழமை இரவு சாவி தொலைவது நிற்காது. சாவி கையிலிருந்து நழுவும் அந்த இடத்தில், கதவுக்கு ஓரடி தள்ளி ஒரு கொக்கி இருந்தால் நிற்கும். கீழே நான் எழுதுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான்: படிகளைக் குறைப்பது, பொருளைக் கண்ணில் பட வைப்பது, உதவியைச் சறுக்கும் இடத்திலேயே வைப்பது.

துணியிலிருந்து தொடங்குகிறேன், பெரும்பாலான வீடுகளில் குவியல் பிறப்பதே அங்கேதான். காய்ந்த ஒரு சட்டை பீரோவுக்குள் போய்ச் சேர எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். கொடியிலிருந்து எடுக்க வேண்டும், யாருடையது என்று பிரிக்க வேண்டும், மடிக்க வேண்டும், பீரோ சாவியைத் தேட வேண்டும், திறக்க வேண்டும், சரியான தட்டில் இடம் பார்க்க வேண்டும், மேலே இருப்பது சரியாமல் செருக வேண்டும். ஏழு படி. ஏ.டி.எச்.டி. உள்ளவர் இரண்டாவது மூன்றாவது படியிலேயே வேறொன்றின் பக்கம் திரும்பிவிடுவார். துணி கட்டிலிலேயே கிடக்கும், இரவில் படுக்க வேண்டுமென்று நாற்காலிக்குப் போகும், காலையில் உட்கார வேண்டுமென்று மறுபடி கட்டிலுக்கு வரும். இந்த ஏழு படிகளை இரண்டாக்க முடியும். சட்டை, சுடிதார், பள்ளிச் சீருடை ஆகியவற்றைத் துவைத்த ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டி, ஹேங்கரையே கொடியில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் ஹேங்கரோடு எடுத்து அறையில் ஒரு கம்பியில் மாட்டினால் வேலை முடிந்தது, மடிப்பே கிடையாது. ஆளுக்குப் பதினைந்து ஹேங்கர் இருந்தால் ஒரு வாரம் ஓடும். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப். உள்ளாடை, துண்டு, நைட்டி, லுங்கி இவற்றை மடிக்கவே வேண்டாம். ஆளுக்கொரு மூடியில்லாத பிளாஸ்டிக் கூடையில் அப்படியே போட்டுவிடலாம். லுங்கி கசங்கினால் யாருக்கு என்ன நட்டம்? சாக்ஸ் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவில் ஆறு ஜோடி வாங்கினால் ஜோடி சேர்க்கும் வேலையும் ஒழிந்தது.

அழுக்குத்துணிக் கூடையை வாஷிங் மெஷின் பக்கத்தில் வைப்பதே வழக்கம். அதை உடை மாற்றும் இடத்துக்கு, அதாவது துணி இப்போது தரையில் விழுகிற அதே இடத்துக்கு நகர்த்துங்கள். மூடி இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் துணி மூடிமேல் குவியும். ஒருமுறை உடுத்திய, ஆனால் இன்னும் துவைக்க வேண்டாத துணிதான் பெரிய தலைவலி. பீரோவுக்குள் வைக்க மனம் வராது, அழுக்கில் போடவும் மனம் வராது, அதனால்தான் நாற்காலி நிறைகிறது. கதவுக்குப் பின்னால் ஐந்து கொக்கி அடித்து அதற்கென்றே ஒதுக்குங்கள். ஐந்தும் நிறைந்தால் பழையது ஒன்று அழுக்குக்குப் போக வேண்டும் என்பது மட்டுமே விதி. மெஷினைப் பொறுத்தவரை, அடுத்த ஒன்றரை மணி நேரம் வீட்டில் இருப்பது உறுதி என்றால் மட்டும் போடுங்கள். மெஷின் முடிந்ததும் எழுப்பும் சத்தம் டிவி ஓடும் அறைக்குக் கேட்காது. பொத்தானை அழுத்தும்போதே கைபேசியில் அலாரம் வைக்க வேண்டும். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் மூடிய மெஷினுக்குள் அரை நாள் கிடந்த ஈரத்துணி நாறிவிடும், மறுபடி துவைத்தாக வேண்டும். ஒரு மறதி இரண்டு வேலையாவது இப்படித்தான்.

அடுத்தது சமையலறை. எவர்சில்வர் சம்படம் அழகுதான், ஆயுளுக்கும் உழைக்கும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதைத் திறந்தால்தான் தெரியும். ஏ.டி.எச்.டி. உள்ளவர் வீட்டில் துவரம் பருப்பு மூன்று கிலோ இருப்பதும், சீரகம் ஒரு சிட்டிகைகூட இல்லாமல் போவதும் இதனால்தான். தினமும் கை போகும் பத்துப் பன்னிரண்டு சாமான்களை மட்டுமாவது உள்ளே தெரியும் பாட்டில்களுக்கு மாற்றி, கண் மட்டத்தில் ஒரே வரிசையாக வையுங்கள். பின்னால் இரண்டாவது வரிசை கூடாது. அலமாரி ஆழமாக இருந்தால் பின்பக்கத்தை ஓர் அட்டைப்பெட்டியால் அடைத்துவிடுங்கள். பாட்டில் வாங்கும்போது பலர் செய்யும் பிழை, ஒரு கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் பாட்டில் வாங்குவது. கொட்டியது போக ஒரு கைப்பிடி பாக்கெட்டிலேயே தங்கி, ரப்பர் பேண்டு போட்ட அந்த மிச்சம் எங்கோ ஒரு மூலையில் வண்டு பிடித்துக் கிடக்கும். ஒரு கிலோவுக்கு ஒன்றரை லிட்டர், அரைக் கிலோவுக்கு முக்கால் லிட்டர் என்று வாங்கினால் முழுப் பாக்கெட்டும் ஒரே மூச்சில் உள்ளே போகும். சம்படங்களை விட மனமில்லாதவர்கள் முன்பக்கத்தில் பேப்பர் டேப் ஒட்டி மார்க்கரால் பெயர் எழுதலாம். மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளும்.

ஃபிரிட்ஜில் காய்கறிக்கென்று அடியில் ஒரு இழுப்பறை தந்திருக்கிறார்கள். அது கண்ணில் படாத இடம். அதற்குள் போன கீரை கூழாகித்தான் வெளியே வரும். காயைக் கண் மட்டத் தட்டுக்கு ஏற்றி, ஊறுகாய், சாஸ், ஜாம் போன்ற கெடாத சங்கதிகளை அடியில் இறக்குங்கள். இதில் ஒரு இழப்பும் உண்டு. இழுப்பறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், மேல்தட்டு வைக்காது. அதனால் கீரை, கொத்தமல்லியைக் காட்டன் துணியில் சுற்றி, உள்ளே தெரியும் டப்பாவில் போட வேண்டும். ஒரு நாள் முன்னதாக வாடினாலும் சமைத்துவிடுவீர்கள், அதுதான் முக்கியம். மிச்சமான குழம்பு, பொரியலுக்கு நடுத்தட்டில் ஒரு ட்ரே. சமைக்கும் முன் அதை மட்டும் பார்த்தால் போதும்.

சிங்க் நிறைவதற்கும் பாத்திர எண்ணிக்கைக்கும் உள்ள உறவை யாரும் பேசுவதில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் இருபது தட்டு இருந்தால், இருபதும் அழுக்காகும்வரை கழுவ வேண்டிய அவசியமே வராது. அவசியம் வரும்போது சிங்க் மலையாகியிருக்கும், தொடங்கவே கை வராது. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம், விருந்தாளிக்கு இரண்டு செட். மற்றதைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றுங்கள். ஆறு தட்டைக் கழுவ ஐந்து நிமிடம் போதும். குழம்புப் பாத்திரத்தில் மட்டும் சாப்பிட்ட கையோடு தண்ணீர் ஊற்றிவிடுங்கள், காய்ந்த பாத்திரம் என்றால் தேய்ப்பதும் தள்ளிப்போகும்.

அடுப்பைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். ‘பால் காயும் நேரத்தில் மேடையைத் துடைத்துவிடலாம்’ என்ற சிக்கன யோசனை இவர்களுக்குச் சரிவராது. மேடையைத் துடைக்கப் போனவர் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருப்பார், பால் அடுப்பில் பொங்கி வழியும். குக்கர் விசிலை எண்ணுவதும் நடக்காது, கவனம் வேறெங்கோ இருந்தால் சத்தம் காதில் விழும், எண்ணிக்கை நிற்காது. அடுப்பு எரியும்வரை அடுப்படியை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தே ஆக வேண்டுமென்றால் டைமர் உடம்போடு வர வேண்டும், சட்டைப்பையிலோ கழுத்தில் தொங்கும் கயிற்றிலோ. சமையலறைச் சுவரில் ஒட்டிய டைமர் சமையலறைக்கு மட்டும்தான் கேட்கும். டிகாக்‌ஷன் இறங்கும் நேரம் மாதிரி, மறந்தாலும் ஒன்றும் கெடாத இடைவெளிகளில் மேடையைத் துடைப்பதை வைத்துக்கொள்ளலாம். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்து தெருவே திட்டும் வீடுகளுக்கு, தண்ணீர் மட்டம் பார்த்துத் தானே மோட்டாரை நிறுத்தும் கருவி கிடைக்கிறது. எலெக்ட்ரீஷியன் ஒருவர் அரை நாளில் பொருத்திவிடுவார். நினைவை நம்பாமல் கருவியை நம்புவதற்கு இதைவிடத் தெளிவான இடம் வீட்டில் வேறில்லை. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பழக்கத்தில் படிவதே இல்லை, அதையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துவிடுவது நல்லது.

வாசலருகே ஒரு தட்டு, ஒரு வரிசைக் கொக்கி. தட்டு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மேல் போகக் கூடாது, பெரிதாக இருந்தால் பத்திரிகையும் சில்லறையும் பில்லும் சேர்ந்து சாவியைப் புதைத்துவிடும். சாவி, பர்ஸ், கண்ணாடி, வண்டியின் ஆர்.சி. இவை மட்டும் அதில். மழைக்கால மாதங்களில் குடை கொக்கியில். அடிக்கடி தேடும் பொருட்களை ஒன்றுக்கு மேல் வாங்குவதை ஊதாரித்தனம் என்று நினைக்க வேண்டாம். கத்தரிக்கோல் மூன்று, நகவெட்டி இரண்டு, சார்ஜர் அறைக்கு ஒன்று. பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோலை ஒரு முழ நூலில் கட்டிச் சமையலறை ஆணியில் தொங்கவிடுங்கள், அதற்குக் கால் முளைக்காது.

காகிதத்துக்கு மூன்று ஃபைல் போதும்: பணம், மருத்துவம், அரசு ஆவணம். பதினைந்து ஃபைலும் வண்ண வண்ணக் குறியும் போட்டால், எதில் வைப்பது என்ற முடிவே ஒரு தனி வேலையாகிவிடும். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவை டிஜிலாக்கரில் இருந்தால் அவசரத்துக்குக் கைகொடுக்கும். கல்யாணப் பத்திரிகை வந்தால் நின்ற இடத்திலேயே படம் எடுத்து, தேதியைக் கைபேசி நாட்காட்டியில் ஏற்றிவிடுங்கள். மஞ்சள் தடவிய பத்திரிகையைக் குப்பையில் போடக் கை வராது என்பவர்கள் ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்துப் பழைய பேப்பர்காரரிடம் கொடுக்கலாம்.

இனி, சுத்தம் செய்யும் முறை. போகி வேகத்தில் பீரோவையும் பரணையும் ஒரே நேரத்தில் கவிழ்ப்பதுதான் பெரும் ஆபத்து. தொடக்கத்தில் ஆர்வம் கொப்பளிக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். இரவில் படுக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் வாரி மறுபடி உள்ளே திணிப்பார்கள், இந்த முறை எது எங்கே என்பதும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு தட்டு, ஓர் இழுப்பறை. இருபது நிமிடத்தில் திரும்ப வைக்க முடிகிற அளவுக்கு மட்டுமே வெளியே எடுக்க வேண்டும்.

அறை முழுக்கச் சிதறிக் கிடந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து முடிவெடுக்காதீர்கள். முதல் சுற்றில் குப்பையை மட்டும் ஒரு பையில் போடுங்கள், வேறெதையும் தொட வேண்டாம். இரண்டாவது சுற்றில் டம்ளர், தட்டு. அவற்றைச் சிங்கில் வைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும், கழுவத் தொடங்கக் கூடாது. மூன்றாவது சுற்றில் தரையில் கிடக்கும் துணி அனைத்தும் அழுக்குக் கூடைக்கு. சுத்தமா அழுக்கா என்று முகர்ந்து பார்க்கும் ஆராய்ச்சி வேண்டாம். இந்த மூன்று சுற்றிலேயே தரையில் பாதிக்கு மேல் தெரிய ஆரம்பிக்கும். நான்காவதாக, இந்த அறையிலேயே இடமுள்ள பொருட்கள். வேறு அறைக்குச் சேர வேண்டியவற்றை வாசற்படியில் ஒரு கூடை வைத்து அதில் போடுங்கள். இதைக் கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டும். ஒரு சீப்பை வைக்கப் பக்கத்து அறைக்குப் போனவர் அங்கே ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார், இங்கே விளக்கும் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு டைமர் வைத்து, அடித்ததும் நிறுத்திவிடுங்கள். வேகம் பிடித்திருக்கிறதே என்று இரவு ஒரு மணிவரை மசாலா டப்பாக்களை அகர வரிசைப்படுத்துவதும் இதே குறைபாட்டின் இன்னொரு முகம்தான். மறுநாள் முழுக்கச் சோர்வு, அடுத்த வாரம் முழுக்க வெறுப்பு.

தனியாகத் தொடங்க முடியாதவர்கள், வேறொருவர் அதே அறையில் இருந்தால் தொடங்கிவிடுவதைக் காணலாம். அவர் உதவ வேண்டியதில்லை, கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும். வெளியூரில் இருக்கும் தங்கையோடு வீடியோ காலில் பேசாமல் ஆளுக்கொரு வேலை பார்ப்பதும் பலன் தரும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் நேரத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். அவர் பத்து மணிக்கு வருகிறார் என்றால் ஒன்பதே முக்காலுக்குச் சாமான்களைத் தரையிலிருந்து தூக்கிவிட ஒரு காரணம் கிடைக்கிறது. வசதி இருந்து ஆள் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விருந்தாளி வருகிறார் என்றால் டீப்பாயில் கிடப்பதையெல்லாம் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் வாரிக் கட்டிலுக்கடியில் தள்ளும் பழக்கம் இவர்களில் பலருக்கு உண்டு. அந்தப் பைக்குள்தான் காசோலைப் புத்தகமும், மருந்துச் சீட்டும், பல்புக்கான வாரண்டி அட்டையும், ஒற்றைக் கம்மலும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வாரிப் போட வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. வாரிப் போடுங்கள், ஆனால் உள்ளே தெரியும் பெட்டியில் போடுங்கள், அன்றைய தேதியை எழுதி ஒட்டுங்கள், கட்டிலுக்கடியில் தள்ளாமல் நடமாடும் இடத்தில் வையுங்கள். அந்தப் பெட்டி காலியாகும்வரை இரண்டாவது பெட்டி கிடையாது. பிரிக்கும்போது பணம், அடையாள அட்டை, சாவி, மருந்து இவற்றை முதலில் பொறுக்குங்கள். மிச்சத்தில் பெரும்பகுதி குப்பை என்பது அப்போது தெரியும்.

மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெத்தில்ஃபெனிடேட், அட்டமாக்ஸெடின் போன்றவை மனநல மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே எடுக்க வேண்டியவை. குறுகிய நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட்டின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கடினமான வேலையை அந்த நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எதைச் செய்வது என்பதை மாத்திரை போடும் முன்பே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடுங்கள். மாத்திரை கவனத்தைக் கூட்டும், அந்தக் கவனம் பீரோமேல் போகுமா கைபேசிமேல் போகுமா என்பதற்கு அது பொறுப்பல்ல. குழந்தைகள் உள்ள வீட்டில் மருந்தைக் கண்ணில் படும் இடத்தில் வைக்க முடியாது, பூட்டித்தான் ஆக வேண்டும். அதற்குப் பதில், பல் துலக்கும் இடத்தில் ஒரு பக்கம் ‘போட்டாச்சு’, மறுபக்கம் ‘போடல’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுத் திருப்பிக்கொள்ளலாம்.

பிள்ளைகளிடம் ‘ரூமைச் சுத்தம் பண்ணு’ என்று சொல்வது கட்டளையே அல்ல, அதற்குள் இருபது கட்டளைகள் இருக்கின்றன. ‘தரையில் கிடக்கிற புத்தகத்தையெல்லாம் மேசைமேல் வை’ என்று ஒன்றைச் சொல்லுங்கள், முடிந்ததும் அடுத்தது. பெட்டிகளில் பெயருக்குப் பதில் படம் ஒட்டுங்கள். பள்ளியிலிருந்து வந்ததும் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் சிங்குக்குப் போன பிறகுதான் பை கொக்கிக்குப் போக வேண்டும். இந்த வரிசை மாறினால் திங்கள்கிழமை காலை வெள்ளிக்கிழமைத் தயிர்சாதத்தைச் சந்திப்பீர்கள்.

இது பெருமளவு மரபுவழி வருவது, பிள்ளைக்கு இருந்தால் பெற்றோரில் ஒருவருக்கும் இருக்க வாய்ப்பு கணிசம். ஆகவே தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் திட்டும் அப்பா தன் வண்டிச் சாவியை எங்கே வைத்தார் என்று பார்ப்பது நல்லது. அம்மாக்களின் நிலை இன்னும் மோசம். பெண்களிடம் துள்ளலும் ஓட்டமும் குறைந்து கவனக்குறைவு மேலோங்கி இருப்பது அதிகம், அதனால் சிறுவயதில் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. பிறகு கல்யாணமாகி ஒரு வீட்டின் மொத்த நினைவுப் பொறுப்பும் அவர் தலையில் விழுகிறது. ‘ஒரு பொம்பள வீட்டை வச்சிருக்கிற லட்சணமா இது’ என்ற கேள்வியைக் கேட்டவர்களுக்கு, அவர் மூளை வேறுவிதமாக இயங்குகிறது என்பது ஒருபோதும் தெரியாமலே போய்விடுகிறது.

வீட்டில் உள்ள மற்றவர்கள் செய்யக்கூடியதில் முதன்மையானது, நல்லெண்ணத்தோடு ‘எடுத்து வைக்காமல்’ இருப்பது. மாமியார் வந்த அன்று வாசல் தட்டு அலமாரிக்குள் போய்விட்டால் மறுநாள் காலை சாவி, பர்ஸ், கண்ணாடி மூன்றும் காணாமல் போகும். தட்டையும் கூடைகளையும் யாரும் கேட்காமல் நகர்த்தக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் மூன்று பேர் இருந்தால் அலமாரியில் தட்டுக்கு ஒருவர் என்று பிரித்து, விளிம்பில் ஆளுக்கொரு நிறத்தில் டேப் ஒட்டுவது சண்டையைக் குறைக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் ஏற்பாடு குலையும். பெரும்பாலும் சில வாரங்களில் புதுமை வடிந்ததும் குலையும். குலைந்தால் ஆளைக் குறை சொல்லாமல் எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள்: கூடைக்கு மூடி திரும்ப வந்துவிட்டதா, கொக்கி எட்டாத உயரத்தில் இருக்கிறதா, அலாரங்களின் எண்ணிக்கை ஆறுக்கு ஏறி விரல் தானாக அணைக்கிறதா? அதை மட்டும் மாற்றுங்கள். இடத்தை மாற்றாமல் கூடையின் நிறத்தை மட்டும் மாற்றினாலே சில சமயம் மறுபடி கண்ணில் படத் தொடங்கும். இன்னொன்று, தொடக்கத்திலேயே கடைக்குப் போய் விதவிதமான பெட்டிகளை வாங்கிக் குவிக்க வேண்டாம், காலிப் பெட்டிகளே ஒரு குவியலாகிவிடும். செருப்புப் பெட்டியை வைத்து இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். தாங்கினால் அந்த அளவில் வாங்கலாம்.

நடைபாதை மறைந்து, அடுப்பைப் பயன்படுத்த முடியாமல், எதையும் வெளியேற்றவே மனம் பதறும் நிலை என்றால் அது பதுக்கல் கோளாறாக இருக்கலாம். டி.எஸ்.எம்-5 அதைத் தனி நோயாகவே வைத்திருக்கிறது. அதற்குக் கூடையும் கொக்கியும் போதாது. அத்தகைய வீட்டை உறவினர்கள் ஒரு நாளில் லாரி வைத்துக் காலி செய்வதும் கூடாது, அவரை அது உடைத்துவிடும்.

ஏ.டி.எச்.டி. இருக்குமோ என்று சந்தேகிப்பவர்கள் கைபேசியில் வரும் பத்துக் கேள்விப் பரிசோதனையோடு நிற்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் மதிப்பீடு செய்துகொள்ளலாம், சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. போகும்போது பழைய பள்ளி ரேங்க் கார்டுகள் கிடைத்தால் எடுத்துப் போங்கள். ‘நன்றாகப் படிக்கிறாள், கவனம் போதாது’ என்று ஆசிரியர் எழுதிய ஒரு வரி, பன்னிரண்டு வயதுக்கு முன் நிலை எப்படி இருந்தது என்பதற்குச் சான்றாகும். முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க நினைப்பவர்களுக்கு மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 உண்டு. கட்டணமில்லை, 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம். பொங்கல் இணைப்பின் அடுத்த பகுதியில் அந்த எண்ணைச் சிறு பெட்டியாகப் போட்டு, ‘சோம்பலை உதறினாலே’ என்ற தலைப்பை எடுத்துவிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.